நடுக்கட்டம்

அன்று மாலை அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சண்டை தொடங்கிய பிறகு யாரும் உட்கார்ந்த இடத்தில் இல்லை.

ஜன்னலோர நாற்காலியில் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரார் பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகியதால், வீட்டிலும் பேச்சு வேகமெடுத்தால் அவருடைய கால் தரையை அழுத்தும்.

அவருக்கு எதிரே, பிரிக்காத துணிக்கட்டு ஒன்றின்மேல் அவருடைய தம்பி. திரைத்துணி விற்கும் கம்பெனியில் ரெப். பை நிறையத் துண்டுத்துணிகளோடு கடை கடையாக ஏறி இறங்குவதால் வீட்டில் அவருக்கு சாம்பிள் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் திரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நலம் விசாரிப்பார்.

கட்டிலின் ஓரத்தில், காலடியில் இரண்டு பெட்டிகளோடு, அவர்கள் இருவருக்கும் அக்கா.

நான்காவது ஆள், மாஸ்டரின் மனைவி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு உட்கார இடமில்லை. அவளுடைய தையல் மெஷினும் முக்காலியும் இருந்த மூலையில், அலமாரிக் கதவைத் திறக்க முடியாதபடி, கரண்ட்டில் ஓடும் பெரிய பவர் தையல் மெஷின் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

தெருவில் அவளை எக்ஸ்ரே அம்மா என்பார்கள். ஸ்கேன் சென்டரில் பகல் முழுவதும் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்று சொல்லிவிட்டு வந்து, மாலையில் ஒட்டுப்போர்வை தைப்பவள். மேலே பல துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்த விரிப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே ஒரு பழைய மெத்தென்ற துணி. மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். அவள் தைத்த எதையும் விற்றதில்லை. யார் போர்த்தப் போகிறார்கள் என்று தெரியாமல் எதையும் தொடங்கியதும் இல்லை. எந்தப் பக்கம் படுப்பீர்கள், பாதம் வெளியே நீட்டுவீர்களா, குளிரா வியர்வையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பாள். பகலில் தூங்கும் இரவுக் காவலாளிக்கு வெளிச்சம் புகாத கருநீலத்தில் ஒன்று. கால் நீட்டும் கீழ்வீட்டுக்காரருக்குக் காலடியில் பிளவு வைத்து ஒன்று.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா, அவளுடைய நாத்தனார், புருஷன் வீட்டைவிட்டு வந்த கதை தெரிந்ததுதான். இனி வெளியூரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன் வேலை. தனி அறை, தனிக் கட்டில். நாளைக் காலையில் பயணம். எத்தனையோ வருடமாக அந்தப் போர்வைகளைக் ‘கந்தல் கண்காட்சி’ என்று கேலி செய்தவள், வந்த அன்றே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன்” என்று கேட்டாள். தைத்து முடித்து அலமாரியில் வைத்த போர்வை மறுநாள் அங்கே இல்லை. போன வார அத்தியாயத்தில் அந்தக் காலி அலமாரியின் முன்னால்தான் எக்ஸ்ரே அம்மாவை விட்டுவிட்டு வந்தோம்.

நிற்க.

“இது என்ன?” என்றாள் அவள், மூலையில் நின்ற மெஷினைக் காட்டி.

“பவர் மெஷின் அண்ணி!” சாம்பிள் எழுந்தே விட்டார். “தொட்டாப் போதும், குதிரை மாதிரி ஓடும். உங்க கால்வலிக்கெல்லாம் இனிமே லீவு.”

“எனக்குக் கால்வலின்னு யார் சொன்னா? என் மெஷின் எங்க?”

“பால்கனியில. பத்திரமா இருக்கு. மேல பக்கெட்டு மட்டும்தான் வெச்சிருக்கோம்.”

“என் மெஷின் மேல பக்கெட்டு.”

“கவுத்து அண்ணி! தண்ணி இல்லாம!”

அவள் பால்கனிக்குப் போனாள். பக்கெட்டை எடுத்துக் கீழே வைத்தாள். பெல்ட் கழன்று தொங்கியது. இழுப்பறையில் நிறவாரியாக அடுக்கி வைத்திருந்த நூல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. அந்த வீட்டில் அவள் குரல் இறங்கினால் கவலைப்பட வேண்டும். அது மாஸ்டருக்குத் தெரியும். கால் தரையை அழுத்தியது.

“சொல்லுங்க. யாராவது ஒருத்தர்.”

“நல்ல விஷயம்தான்,” என்றார் மாஸ்டர். “பைபாஸ் ரோட்டுல புது கெஸ்ட் ஹவுஸ் திறக்கறாங்க இல்ல? இவன்தான் அங்க திரை போடறான். பேச்சுவாக்குல உன் போர்வையைப் பத்திச் சொல்லியிருக்கான். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. நாப்பது கேக்கறாங்க.”

“நாப்பதும் ஒரே மாதிரி,” சாம்பிள் சேர்த்துக்கொண்டார். “அதான் அண்ணி இதுல சௌகரியமே. யோசிக்கவே வேணாம். ஒண்ணு போட்டா நாப்பதும் போட்ட மாதிரி. இது முடிஞ்சா இன்னும் ரெண்டு கெஸ்ட் ஹவுஸ் கைவசம் இருக்கு.”

“யாரைக் கேட்டீங்க?”

“எதை?”

“நாப்பது தைக்கறேன்னு சொல்றதுக்கு யாரைக் கேட்டீங்க?”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி துணிக்கட்டைப் பார்த்தார்.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார் மாஸ்டர். “எப்படியும் நீ சாயங்காலத்துல சும்மாதானே தைச்சுக்கிட்டு இருக்க.”

“ஆமாங்க. சும்மாதான் தைக்கறேன்.” அவள் கைப்பையைக் கழற்றிப் பவர் மெஷினின் பலகைமேல் வைத்தாள். “இந்த வீட்டுல நான் சும்மா செய்யற காரியம் அது ஒண்ணுதான். ஸ்கேன் சென்டர்ல நிக்கறது சம்பளத்துக்கு. அடுப்படியில நிக்கறது உங்க எல்லாருக்கும். இந்த மூலையில உக்காந்தா மட்டும்தான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். அதையும் கொண்டுபோய் வித்துட்டு வந்து, நல்ல விஷயம்னு சொல்றீங்க.”

“விக்கறதா? உன் திறமைக்கு ஒரு மதிப்பு…”

“என் திறமைக்கு மதிப்பு வேணும்னு உங்ககிட்ட நான் மனு குடுத்தேனா?”

இதுவரை வாய் திறக்காத நாத்தனார் இப்போது பேசினாள். அவள் யார் பக்கம் பேசுவாள் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் முன்கூட்டித் தெரிந்ததில்லை.

“கோவத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டுக் கேளும்மா. இவனுங்க கேக்காம செஞ்சது தப்பு. ஆனா கைத்தொழில்னு ஒண்ணு வெளிய நாலு பேருக்குத் தெரிஞ்சா, அது பொம்பளைக்கு ஒரு பலம். எனக்கு அப்படி ஒண்ணு இருந்திருந்தா, இந்த ரெண்டு பெட்டியை என் தலை நரைக்கறதுக்கு முன்னாடியே தூக்கியிருப்பேன்.”

“எனக்கு வேலை இருக்கு அக்கா. நல்ல வேலை. இது வேலை இல்ல.”

“பின்ன என்ன?”

அதற்கு அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதுவே அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. நாற்பது கட்டிலில் படுக்கப்போகும் முகம் தெரியாத நாற்பது பேருக்கு, அதுவும் மறுநாளே காலி செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு, எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? இதை எடுத்துச் சொன்னால் சாம்பிள் சிரிப்பார். மாஸ்டர் ‘சின்னப் பிள்ளை மாதிரிப் பேசாதே’ என்பார். எனவே அவள் வேறு கேள்வி கேட்டாள்.

“அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு சொன்னீங்களே. எதைப் பார்த்துப் பிடிச்சது?”

சாம்பிள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார்.

“அலமாரியில புதுசா ஒண்ணு மடிச்சு வெச்சிருந்தீங்க இல்ல? முழுசையும் தூக்கிக்கிட்டு அலைய முடியாது. எங்க லைன்ல முழுத்துணி காட்டறது கிடையாது அண்ணி. துண்டுதான் காட்டுவோம். அதனால…”

“அதனால?”

“ஒரே ஒரு கட்டம் மட்டும் எடுத்தேன்.”

நாத்தனார் பையைப் பிடுங்கி, போர்வையை உதறிக் கட்டிலில் விரித்தாள். பழுப்பும் இலைப்பச்சையும் செங்கல் நிறமுமாக அகலமான போர்வை. சரியாக அதன் நடுவில், தட்டு வைக்கும் அளவுக்கு, ஒரு சதுர ஓட்டை. அதன் வழியே கட்டிலின் விரிப்பு தெரிந்தது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஒரே வெட்டு.

மாஸ்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“ஓரத்துலயாவது வெட்டக் கூடாதாடா?” என்றார் மாஸ்டர். அவருக்கே இது புதுச் செய்தி போலிருந்தது.

“ஓரம் பூரா ஒரே கலர் அண்ணா. டிசைன் நடுவுலதானே இருக்கு? கஸ்டமருக்கு நல்ல பீஸைத்தானே காட்டணும்?” சாம்பிள் மனதார விளக்கினார். “நூல் பிரியக் கூடாதுன்னு வளைவு வளைவா வெட்டற கத்தரியாலதான் வெட்டினேன். பாருங்க, ஒரு நூல் பிரியலை. எப்படியும் துண்டு துண்டா ஒட்டினதுதானே அண்ணி. இன்னொரு துண்டு வெச்சாப் போச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. வெட்டித் துண்டாக்கினால்தான் துணிக்கு மரியாதை என்று வாழ்நாள் முழுவதும் பழகிய மனிதர். ஒட்டிய துணியில் ஒரு கட்டத்தை எடுப்பது அவருக்குச் சுவர்க் காலண்டரில் தாள் கிழிப்பது போல.

“அதைத் தைக்கறதுக்கு முன்னாடி அக்காகிட்ட என்ன கேட்டேன் தெரியுமா?” என்றாள் அவள். “எப்படிப் படுப்பீங்கன்னு கேட்டேன். ‘கல்யாணமான நாள்லேருந்து சுவத்தை ஒட்டித்தான் படுத்திருக்கேன், அந்த மனுஷன் கையையும் காலையும் பரப்பிக்கிட்டா மிச்சம் இருக்கறது எனக்கு’ன்னு சொன்னாங்க. அதனால ஒத்தைக் கட்டில்னாலும் ரெண்டு பக்கமும் தாராளமா தொங்கற மாதிரி தைச்சேன். நடுவுல மட்டும்தான் டிசைன் வெச்சேன். ஏன்? அவங்க அங்க படுக்கணும். நடுவுல. அந்த இடத்தை வெட்டி எடுத்துக்கிட்டுப் போய் ஒரு மேனேஜர் மேஜையில வெச்சுட்டு வந்திருக்கீங்க.”

“எனக்கு எப்படி அண்ணி தெரியும் இதெல்லாம்?”

“தெரியாதுல்ல? கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டுல ஒருத்தருக்கும் கேக்கற பழக்கமே கிடையாது. எடுக்கற பழக்கம் மட்டும்தான்.”

நாத்தனார் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு பவர் மெஷினின் பலகையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

“சின்னவனே, இங்க வா.”

“என்னக்கா?”

“நல்ல சட்டைடா. முதுகுல டிசைன் நல்லா இருக்கு. ஒரே ஒரு கட்டம் எடுத்துக்கறேன், ஹாஸ்டல்ல போய்க் காட்டணும்.”

“அக்கா!”

“நூல் பிரியாம வெட்டறேன். இன்னொரு துண்டு வெச்சாப் போச்சு. திரும்பு!”

சாம்பிள் தன் துணிப்பையை முதுகில் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு துணிக்கட்டைச் சுற்றி ஓடினார். மாஸ்டர் அக்காவின் கையைப் பிடிக்கப் போய், சட்டைக் கையில் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டார். வேறு சமயமாக இருந்தால் எக்ஸ்ரே அம்மா சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை.

“அக்கா, போதும். கத்தரியைக் குடுங்க. துணி வெட்டற கத்தரி அது.”

நாத்தனார் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. “நான் சொன்னது தப்பு இல்லம்மா,” என்றாள். “ஆனா இவனுங்களோட சேந்துக்கிட்டு சொன்னேன் பாரு, அது தப்பு.”

“இப்ப என்ன செய்யணுங்கற?” என்றார் மாஸ்டர், கிழிந்த சட்டைக் கையைப் பார்த்தபடி. “அக்காவுக்கு இன்னொண்ணு தைச்சுக்கலாம். நாப்பதோட நாப்பத்தொண்ணு. வாக்குக் குடுத்தாச்சு. மெஷின் வந்தாச்சு. இனிமே பின்வாங்கினா இவன் வேலைக்கே உலை.”

“நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும் அண்ணி,” என்றார் சாம்பிள் துணிக்கட்டுக்குப் பின்னாலிருந்து. “முன்னாடி ஒரு ஏஜென்ட் அவங்களை ஏமாத்திட்டானாம். அதனால தைக்கறவங்களே கைப்பட எழுதித் தபால்ல அனுப்பணுமாம். கவர்கூடக் குடுத்து அனுப்பியிருக்காங்க. விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி.”

“கவரைக் குடுங்க.”

அறையில் இருந்த காற்று லேசானது. சாம்பிள் கவரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். “டீ போடட்டுமா?” என்றுகூடக் கேட்டார், அந்த வீட்டில் அவர் அப்படிக் கேட்டது அபூர்வம்.

அவள் நாத்தனாரின் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பவர் மெஷினின் பலகைமேல் தாளை வைத்து எழுதினாள். அன்று அந்த மெஷினுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

எழுதி முடித்ததும், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“‘ஐயா, தங்களுக்கு நாற்பது போர்வைகள் தைத்துத் தர நான் சம்மதித்திருப்பதாகத் தங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. நான் சம்மதிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

போர்த்திக்கொள்ளப் போகிறவரைத் தெரியாமல் நான் துணியில் கத்தரி வைப்பதில்லை. தங்கள் கட்டில்களில் தினமும் வேறு வேறு ஆட்கள் படுப்பார்கள். அது தங்கள் தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எனக்குப் பொழுதுபோக்காகவும் இராது, பிழைப்பாகவும் வேண்டாம்.

நிற்க. தங்களிடம் மாதிரி என்று கொடுக்கப்பட்ட சதுரத் துண்டு மாதிரி அல்ல. அது ஒருவருடைய போர்வையின் நடுப்பகுதி. அதை ஃபைலில் குத்தியிருந்தால், குண்டூசியைக் கவனமாக எடுத்துவிட்டு, கீழ்க்கண்ட ஹாஸ்டல் விலாசத்துக்கு, வார்டன் பெயருக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதை மடிக்க வேண்டாம்.

பவர் மெஷினைக் கொண்டுவந்தவர்கள் கொண்டுபோவார்கள். இப்படிக்கு.’”

வாசித்துவிட்டுத் தாளை நான்காக மடித்தாள்.

“அண்ணி, என் கம்பெனியில என் பேர் நாறிடும்!” சாம்பிளின் முகம் வெளுத்துவிட்டது.

“உங்க பேரை நான் எழுதவே இல்லையே தம்பி. நீங்கதான் என் பேரைச் சொல்லிட்டு வந்தீங்க.”

கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து, பலகையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். நாத்தனார் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

இரண்டு பேரும் மாடிப்படியில் பாதி இறங்கியபோது மாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.

“நில்லு. ஒரு நிமிஷம். அதை அனுப்பாதே.”

“ஏன்?”

“நான் இன்னிக்குக் காலையில டிரைவிங் ஸ்கூல் வேலையை விட்டுட்டேன்.”

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எக்ஸ்ரே அம்மா படியிலேயே திரும்பினாள்.

“ஆர்டர் பாக்க, துணி வாங்க, கொண்டுபோய்க் குடுக்க ஒரு ஆள் வேணும்ல? நானே பாத்துக்கலாம்னு…” அவர் ஒரு படி இறங்கினார். “உனக்குத் தெரியாது. தினம் எவனாவது ஒருத்தன் என்னைக் கொண்டுபோய் லாரிக்கு அடியில விடப் பாக்கறான். போன மாசம் ஒரு பொண்ணு, பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சுடுச்சு. அன்னிலேருந்து கார்ல ஏறினா கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லலை. இப்படியாவது வெளிய வந்துடலாம்னு பாத்தேன்.”

அவளுக்கு அவர் கையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. மனம் இளகியது, இளகியதற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“இதைப் போன மாசமே சொல்லியிருந்தா ராத்திரி பூரா உங்க கூட உக்காந்திருப்பேன். என்ன செய்யலாம்னு ரெண்டு பேருமா யோசிச்சிருக்கலாம். வேலையை விடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். என் ஒருத்தி சம்பளத்துல ஓட்டலாம்னு சொல்லியிருப்பேன். ஒருவேளை, நீங்க கேட்டிருந்தா, போர்வைகூடத் தைச்சிருப்பேனோ என்னவோ. அந்த ‘ஒருவேளை’யையும் நீங்கதான் கெடுத்தீங்க. எனக்குத் தெரியாம என்னைக் குடுத்துட்டு வந்து, இப்ப படியில நிறுத்தி வெச்சுப் பயத்தைக் காட்டறீங்க.”

“இப்ப கேக்கறேன்.”

“இப்ப நீங்க கேக்கலை. மாட்டிக்கிட்டீங்க.”

அவள் இறங்கினாள். மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தெருமுனையில் தபால் வண்டி நின்றிருந்தது. தபால் ஊழியர் சிவப்புப் பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பைக்குள் சரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அதை நோக்கி நடந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அவன் பொய் சொல்லலை. சின்ன வயசுலேருந்து பயந்தா வெளிய சொல்ல மாட்டான், ஏதாவது கோணலா செஞ்சு வெப்பான். பிரிச்சு மாத்தி எழுதணும்னா இப்பவே சொல்லு. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஓட்டையோடவே போத்திக்கறேன்.”

“ஓட்டை இருந்தாலும் நடுவுலயே படுங்க. துண்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஊசியோட வரேன்.”

“அவனை என்ன செய்யப் போற?”

“தெரியலை அக்கா. வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்.”

தபால் ஊழியர் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பையின் கயிற்றைக் கையில் எடுத்தார். “ஏதாவது இருக்காம்மா? கட்டப் போறேன்.”

அவள் கவரைத் திருப்பி ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். எங்கும் தூக்கவில்லை. “இருக்கு,” என்று சொல்லி, தன் கையாலேயே அதைப் பைக்குள் போட்டாள்.

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, பையை வண்டிக்குள் எறிந்து, கதவை அறைந்து சாத்தினார்.